கம்பம் பள்ளத்தாக்கு

தமிழ்நாட்டின் தென்மேற்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலை விண்ணளாவி நிற்கிறது; கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் அரண்போல் சூழ்ந்துள்ளன. இம்மலைகளுக்கு இடையே, தேனி நகரிலிருந்து தென்மேற்காகக் கூடலூர் வரையில் நீண்டு கிடக்கும் பசுமை நிலமே இப்பள்ளத்தாக்கு. முன்பு மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1996 ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தேனி மாவட்டத்தில் இப்பொழுது அடங்கியுள்ளது.

விடுமுறை நாள்களில் பல ஊர்களிலிருந்தும் மக்கள் தம் குடும்பத்துடன் இங்கு வருகின்றனர். அருவியில் நீராடுவோரும், மலைமேல் ஏறி முகில் தவழும் காட்சியைக் காண்போரும், கோயில்களை வழிபடுவோரும் அவருள் உளர். கண்ணுக்கு இனிய காட்சிகளைக் கண்டு மகிழ்வதோடு, அக்காட்சிகள் அமைந்த காரணத்தையும் அறிந்து வருவார்க்கு இப்பயணம் இருமடங்கு பயன் தரும்.

மதுரையிலிருந்து மேற்கு நோக்கி வருவோர் உசிலம்பட்டியைக் கடந்து ஆண்டிப்பட்டிக் கணவாயை அடைவர். அதுவரையிலும் வழியின் இருமருங்கும் பெரும்பாலும் புன்செய் நிலங்களே காணப்படும். செம்மண்ணும் முட்புதரும், ஆங்காங்கே சோளமும் பருத்தியும் கண்ணிற் படும். கணவாயைக் கடந்ததும் காற்று வீசும் தன்மை மாறுகிறது. மலை இடைவெளிகளின் வழியே விரைந்து வரும் காற்றைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் காற்றாலைகள் நெடிதுயர்ந்து சுழல்கின்றன. இவ்வழியே இருப்புப்பாதையும் செல்கிறது. மதுரையையும் போடிநாயக்கனூரையும் இணைக்கும் அப்பாதை 1928 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட போக்குவரத்து, 2022 இல் தேனி வரையிலும், 2023 இல் போடிநாயக்கனூர் வரையிலும் மீண்டும் தொடங்கிற்று.

ஆண்டிப்பட்டிக்கு அருகில் வைகை அணை உள்ளது. 1959 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, இவ்வணை திறக்கப்பெற்றது. இதில் 71 அடி உயரம் வரை நீரைத் தேக்கலாம். அணையின் இருபுறமும் அமைந்த பூங்காக்களில் சிறுவர் ஆடிப்பாடி மகிழ்வர். வருசநாட்டு மலையிற் பிறந்து வரும் வைகையின் நீரும், கம்பம் பள்ளத்தாக்கின் வழியே ஓடிவரும் முல்லையாற்றின் நீரும் இவ்வணையை வந்து சேர்கின்றன.

தேனியைக் கடந்து தெற்கே திரும்பியதும் நிலத்தின் தோற்றமே வேறாகி விடுகிறது. சாலையின் இருபுறமும் நெல்வயல்கள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் விளங்குகின்றன. வாழையும் தென்னையும் செறிந்து நிற்கின்றன. முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி என்னும் ஊரில் கௌமாரியம்மன் கோயில் இருக்கிறது. சித்திரைத் திங்களில் அங்கு நடைபெறும் திருவிழாவிற்குச் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டு வருவர். கடும் வெயில் காயும் அந்நாளிலும் ஆற்றில் நீர் ஓடுவதைக் கண்டு, புதிதாக வருவோர் வியப்புறுவது உண்டு. கணவாய்க்கு அப்பால் புழுதி பறக்க, இப்பால் இத்துணை நீர் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் வினவுவர். அவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், ஆற்றின் வழியே மேலேறிச் செல்லுதல் வேண்டும்.

வீரபாண்டிக்குத் தெற்கே உள்ளது சின்னமனூர். பாண்டிய மன்னர்களின் வரலாற்றை உரைக்கும் செப்பேடுகள் இவ்வூரிற் கிடைத்தமையால், இதன் பெயர் வரலாற்று ஆசிரியர் அனைவரும் அறிந்த பெயராயிற்று. இங்கிருந்து மேகமலைக்குச் செல்லும் பாதை பிரிகிறது. அப்பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிற்கும் ஒரு மலரின் பெயரைத் தமிழில் இட்டிருக்கின்றனர். வளைவுதோறும் ஏற ஏற வெப்பம் தணிகிறது. வயல்கள் சிறு கட்டங்களாகச் சுருங்குகின்றன. இறுதியில் முகிற்கூட்டம் பாதையையே மறைத்து விடுகிறது. மேலே தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றிற்கு இடையே நீர்த்தேக்கங்களும், அடர்ந்த சோலைக் காடுகளும் காணப்படுகின்றன.

இக்காடுகளில் யானை, காட்டெருமை, வரையாடு முதலிய விலங்குகள் வாழ்கின்றன. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி வேறெங்கும் இயல்பாகக் காணவொண்ணாத சிங்கவால் குரங்கு, மரக்கிளைகளில் தாவித் திரிகிறது. பெரிய அலகினையுடைய இருவாச்சிப் பறவை, தான் உண்ட பழத்தின் விதைகளைக் காடெங்கும் தூவிப் புதிய மரங்கள் தோன்றத் துணைபுரிகிறது. 2021 ஆம் ஆண்டில் இக்காடுகள் திருவில்லிபுத்தூர்க் காடுகளோடு சேர்க்கப்பெற்றுப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட இக்காப்பகம் விலங்குகளுக்கு மட்டும் பயன்படுவதன்று. சோலைக்காடு மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கசிய விடுகிறது. அக்கசிவே ஓடையாகி, ஓடைகளே ஆறாகின்றன. ஆதலின் காடு அழியுமாயின் வைகையும் வற்றும் என்பதை உணர்தல் வேண்டும்.

சின்னமனூருக்குத் தெற்கே உத்தமபாளையமும், அதனை அடுத்துக் கம்பமும் உள்ளன. கம்பத்தைச் சுற்றிலும் கொடிமுந்திரித் தோட்டங்கள் மிகுதி. கல்தூண்களை நட்டு, அவற்றின்மேல் கம்பிகளைப் பந்தலாகப் பின்னி, அப்பந்தலிற் கொடிகளைப் படரவிட்டிருக்கின்றனர். பந்தலின் கீழே நின்று பார்ப்போர்க்குத் தலைக்குமேல் கருநிறக் குலைகள் நெருங்கித் தொங்கும் காட்சி பேரின்பம் தரும். பிற இடங்களில் ஆண்டிற்கு ஒருமுறை பெரும்பாலும் கோடையில் விளையும் திராட்சை, இங்கு ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடையாகிக்கொண்டே இருக்கும். பன்னீர்த் திராட்சை எனப்படும் இவ்வகைக்கு 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இன்ன பொருள் இன்ன நிலத்திற்கே உரிய தனிச்சிறப்புடையது என்று அரசு சான்றளிப்பதே புவிசார் குறியீடு ஆகும்.

விடியற்காலையில் இவ்வழியே செல்வோர் மற்றொரு காட்சியையும் காணலாம். ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் தொழிலாளர்கள், அவருள்ளும் பெண்கள், உணவுத் தூக்குகளுடன் ஜீப்பு வண்டிகளில் நெருக்கமாக அமர்ந்து மலைமேல் செல்வர். கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் ஏறி, நாள் முழுவதும் உழைத்து, மாலையில் மீள்வர். அவர்கள் பறிக்கும் ஏலக்காய் போடிநாயக்கனூர்ச் சந்தையில் விலை கூறப்பெற்று, பல நாடுகளுக்கும் செல்கிறது. காண வருவோர்க்குக் களிப்பூட்டும் மலை, இங்கு வாழ்வோர்க்குச் சோறூட்டும் மலையாகவும் விளங்குகிறது.

கம்பத்திலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் சுருளி அருவி உள்ளது. மேகமலையிலிருந்து இறங்கிவரும் நீர், பாறைகளின்மீது படிபடியாக வீழ்ந்து இங்கே அருவியாகிறது. அருகில் குகைகளும் கோயில்களும் உள்ளன. முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றுவோர் இங்கு வந்து நீராடுவர். மழைக்காலத்தில் அருவியின் ஓசை நெடுந்தொலைவு கேட்கும். வேனிலின் கடுமையில் நீர் மெலிந்துவிடும். மலையுச்சியில் மழை பெய்யின், அடிவாரத்தில் வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் திடீரெனப் பெருகுவது உண்டு. யானைக்கூட்டம் அருவிப்பக்கம் வருவதும் உண்டு. அத்தகைய நாள்களில் வனத்துறையினர் நீராடுவதற்குத் தடை விதிப்பர். தொலைவிலிருந்து வந்தோம் என்று கருதி அத்தடையை மீறுதல் அறிவுடைமை ஆகாது.

கம்பத்திற்குத் தெற்கே கூடலூரைக் கடந்தால் மலையடிவாரத்தில் லோயர்கேம்ப் என்னும் சிற்றூர் தோன்றும். இங்கே, மலைச்சரிவில் மேலிருந்து கீழாகப் பெரிய எஃகுக் குழாய்கள் இறங்கி வருவதைக் காணலாம். அக்குழாய்களின் வழியே பெருவிசையுடன் இறங்கும் நீர், அடிவாரத்து மின்நிலையத்தில் உருளைகளைச் சுழற்றி மின்சாரம் ஆக்குகிறது. சுழற்றிய நீர் வீணாவதில்லை. அது வைரவனாற்றிற் கலந்து, முல்லையாறாகப் பள்ளத்தாக்கினுள் ஓடி, வயல்களுக்குப் பாய்கிறது. மின்நிலையத்திற்கு நீரை விடாத நாள்களில், இரைச்சல் பாலம் என்னும் இடத்தின் வழியே அந்நீர் ஆரவாரித்து இறங்கும். வீரபாண்டியில் தோன்றிய வினாவிற்குப் பாதி விடை இங்கே கிடைத்துவிடுகிறது. இந்நீர் மலையின் மேலிருந்து வருகிறது. ஆயினும் மலையின் இப்பக்கத்து நீரன்று, அப்பக்கத்து நீர்.

இதனை விளங்கிக்கொள்ள மழையின் இயல்பை அறிதல் வேண்டும். ஜூன் திங்களில் அரபிக்கடலிலிருந்து நீராவியைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. மேலெழுந்த காற்று குளிர்ந்து, கேரளப் பகுதியிற் பெருமழையாகப் பொழிகிறது. நீரை இழந்த காற்று, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது வறண்டு விடுகிறது. ஆதலால், மலையின் மேற்கே வெள்ளம் பெருகும் காலத்திலும், கிழக்கே மதுரையும் இராமநாதபுரமும் மழையின்றி வாடும். பெரியாறு மேற்கு மலையிற் பிறந்து மேற்கே ஓடி, அரபிக்கடலிற் கலக்கும் ஆறு. அந்த ஆற்றின் நீரைக் கிழக்கே திருப்பினால் வறண்ட நிலங்கள் வளம்பெறும் என்னும் எண்ணம் நெடுங்காலத்திற்கு முன்பே எழுந்தது.

1789 ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானியாக இருந்த முத்திருளப்பபிள்ளை, பெரியாற்றைத் திருப்ப இயலுமா என்று அறிந்துவர ஆட்களை மலைக்கு அனுப்பினார். அதற்கு ஆகும் பெரும்பொருளைத் திரட்ட இயலாமையால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 1808 இல் கால்டுவெல் என்னும் பொறியியல் அதிகாரி இடத்தை நேரிற் கண்டு, இது நிகழாத கனவு என்று எழுதினார். 1850 இல் தொடங்கிய ஒரு சிறு முயற்சியும், காய்ச்சலுக்கு அஞ்சித் தொழிலாளர் விலகியமையால் கைவிடப்பட்டது. பின்னர் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. எண்ணற்ற மக்கள் உணவின்றி மடிந்தனர். அதன்பின் இத்திட்டத்தை இனியும் ஒத்திவைத்தல் ஆகாது என்னும் கருத்து வலுப்பெற்றது.

பணியை ஏற்று நடத்தியவர் ஜான் பென்னிகுவிக் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1886 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசிற்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை எழுதப்பெற்றது. மறு ஆண்டில் வேலை தொடங்கிற்று. அணை கட்டும் இடமோ மனிதர் வாழாத அடர்காடு. சாலை இல்லை, மருத்துவ வசதியும் அரிது. யானைகள் உலவும் அக்காட்டிற்குக் கூடலூரை அடுத்த குருவனூத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றினர். மலேரியாக் காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளரைத் தாக்கின. ஆற்றைத் தடுத்துக் கட்டிய கரைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. கட்டியதைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் அப்பணியில் உயிர் துறந்தனர். அவருட் பலருடைய பெயர்கூட எங்கும் எழுதப்பெறவில்லை.

இத்துணை இடையூறுகளையும் கடந்து, 176 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் உடைய அணை எழுந்தது. முகப்பைக் கருங்கல்லாலும், உட்பகுதியைச் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் சுட்ட களிமண் பொடியும் கலந்த காரையாலும் கட்டினர். அணை ஆற்றைத் தடுத்ததும் மேலே பெரிய ஏரி உண்டாயிற்று. அவ்வேரியின் கரையிலிருந்து, ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளத்திற்கு மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். மேற்கே ஓடவேண்டிய நீர் அச்சுரங்கத்தினுள் நுழைந்து கிழக்குச் சரிவில் வெளிப்பட்டது. 1895 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள், சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

அந்நீரால் விளைந்த பயன் பெரிது. லோயர்கேம்ப் முதல் தேனியை அடுத்த பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் நிலமாயிற்று. அதற்கும் அப்பால் வைகையின் வழியே சென்று, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களுக்கும் பாசனநீராகவும் குடிநீராகவும் அது உதவுகிறது. பென்னிகுவிக்கின் படத்தை இப்பள்ளத்தாக்கின் இல்லங்களிலும் கடைகளிலும் இன்றும் காணலாம். அவர் பிறந்த சனவரி 15 ஆம் நாள் பொங்கலையொட்டி வருவதால், உழவர் அந்நாளில் பொங்கலிட்டு அவரை நினைவுகூர்கின்றனர். லோயர்கேம்பில் 2013 ஆம் ஆண்டில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது.

லோயர்கேம்பிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் எல்லையூராகிய குமுளியும், அதனை அடுத்துத் தேக்கடியும் வரும். அணையால் உண்டான ஏரியே தேக்கடி ஏரி. அதிற் படகேறிச் செல்வோர், கரையில் நீர் அருந்த வரும் யானைகளையும் மான்களையும் காண்பர். நீரின் நடுவே பட்டுப்போன மரங்கள் கரிய தூண்களைப் போல் நிற்கும். அவை ஏரி உண்டாவதற்கு முன் காடாக இருந்த இடத்தின் எச்சங்களாகும். நூறாண்டுகளுக்கு மேலாக நீரில் நிற்கும் அம்மரங்களின்மேல் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தி அமர்ந்திருக்கும். சிறுவர் அம்மரங்களைக் காட்டி அவற்றின் கதையைக் கேட்பராயின், அணையின் கதையைப் பெற்றோர் சொல்லத்தக்க இடம் அதுவே.

அணை கேரள மாநில எல்லைக்குள் இருப்பினும், அதனைப் பேணி இயக்குவது தமிழ்நாடு. அணையின் வலிமையைக் குறித்துக் கேரளத்தில் அச்சம் எழுந்தமையால், 1979 ஆம் ஆண்டில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் அணையை வலுப்படுத்தும் பணிகள் நடைபெற்றன. நெடுநாள் நடந்த வழக்கின் முடிவில், 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணையின் கீழே வாழும் மக்களின் உயிர்க் காப்பும், கிழக்கே அந்நீரை நம்பி வாழும் உழவரின் வாழ்வும் ஆகிய இரண்டும் ஒருங்கே கருதத்தக்கவை.

குமுளிக்கு அருகே, எல்லை மலையின் உச்சியில் பழைய கண்ணகி கோயில் ஒன்று உள்ளது. மங்கலதேவி கோயில் என்பதும் அதற்குப் பெயர். சிதைந்த கற்றளியாகிய அக்கோயிலுக்கு ஆண்டிற்கு ஒருநாள், சித்திரைத் திங்கள் முழுநிலா நாளன்று மட்டும், மக்கள் செல்ல இசைவு தரப்படுகிறது. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்து ஏறுவோரும், குமுளியிலிருந்து ஜீப்பு வண்டியில் வருவோரும் உச்சியிற் கூடுவர். அங்கிருந்து கீழே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் ஓவியம்போல் தோன்றும். மலைகளுக்கு இடையே வளைந்து செல்லும் ஆற்றின் இருகரையும் மட்டுமே பச்சை நிறம் செறிந்திருக்கும். ஆறு எட்டாத இடம் வெளிறிக் கிடக்கும். நீர் உள்ள இடமும் இல்லாத இடமும் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் விளங்குவது அரிது.

மலைக்குச் செல்வோர் மனத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 2018 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேனிற்காலத்தில் காய்ந்த புல் எளிதில் தீப்பற்றும். காற்று அதனை நொடிப்பொழுதில் மலைமுகடு வரை கொண்டு செல்லும். ஆதலின் வனத்துறையின் இசைவின்றிக் காட்டினுள் புகுதலும், காட்டில் அடுப்பு மூட்டுதலும், எரியும் பொருள்களை எறிதலும் அறவே விலக்கத்தக்கவை. உண்டபின் எறியும் நெகிழிப் பைகளும் தீமையே விளைக்கும். அவற்றைத் தின்னும் விலங்குகள் மடிகின்றன, ஓடைகள் அடைபடுகின்றன.

மாலையில் மலையிலிருந்து இறங்கி வீடு திரும்பும் குடும்பத்தினர், காலையிற் கண்ட அதே வயல்களையும் தென்னஞ்சோலைகளையும் மீண்டும் காண்பர். ஆயினும் காலையில் அவை வெறும் அழகிய காட்சிகள். மாலையிலோ அவற்றின் வேர் எங்குள்ளது என்பதை அவர்கள் அறிந்திருப்பர். ஆறு தானே இங்கு வந்ததன்று. அதனை மக்கள் கொணர்ந்தனர். அதற்காகச் சிலர் சிந்தித்தனர், பலர் உழைத்தனர், அவ்வுழைப்பில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மேலே உள்ள காட்டையும், இடையே உள்ள அணையையும், கீழே ஓடும் ஆற்றையும் தூய்மை குன்றாது காப்பதே அவர்களுக்குச் செய்யத்தக்க நன்றியாகும். வீரபாண்டி ஆற்றங்கரையில் இறங்கி ஒரு கை நீரை அள்ளும் சிறுவன், அந்நீர் மலையைக் கடந்து வந்த வரலாற்றை அறிந்து அள்ளுவானாயின், அவன் சென்ற பயணம் பயனுடைய பயணமே ஆகும்.